சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

முழுசாகக் கெட்டுப்போன பொருளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. மிக்ஸி ஓடவில்லையா? கடைக்குக் கொண்டுபோனால், 'காயில் கருகிடுச்சு சார்' என்பார்கள். காசைக் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால், வீட்டில் ஓடாமல் கடையில் மட்டும் ஓடுகிற மிக்ஸி இருக்கிறதே... அதுதான் மனுஷனைப் பைத்தியமாக அடிக்கும். டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் காணாமல் போகிற பல் வலி, பிளம்பர் வந்து நிற்கும்போது மட்டும் சொட்டாத குழாய்... உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். வந்து வந்து போகிற கோளாறு!

அது பொருளைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கிற மனிதர்களையும் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட வைத்துவிடும். ஒரு அம்பாஸடர் கார், முப்பது வருஷ சிநேகிதர்கள் இருவரை எட்டு மாதம் பேசாமல் வைத்திருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கார் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

என் பெரியப்பாவின் கார் அது. 1978 மாடல், மார்க் 3. பெரியப்பா கருவூலத்தில் கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரே ஒரு அம்பாஸடர் மாதிரிதான். மெதுவாகத்தான் கிளம்புவார், கிளம்பினால் நிற்க மாட்டார்.

அம்பாஸடரின் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரின் வாரிசு. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் செய்ய ஆரம்பித்தது. 2014-ல் தயாரிப்பு நின்றது. கலெக்டரும் மந்திரியும் வாடகை டாக்ஸி டிரைவரும் ஒரே வண்டியில் போன காலம் அது. அந்த வண்டிகளில் பல வருஷம் உழைத்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பெரியப்பா காரில் இருந்ததும் அதுவே. ஆனால், எத்தனை தடவைதான் போர் போடுவது? கிராங்க்கைக் கடைசி அளவு வரைக்கும் கடைந்தாகிவிட்டது. லிட்டர் லிட்டராக ஆயில் குடித்தது. பின்னால் வருகிறவர்கள் கொசு மருந்து அடிக்கிற வண்டியோ என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

2021-ல் முடிவு செய்தார்... இதயமாற்று ஆபரேஷன்!

1990-களில் வந்த அம்பாஸடர்களில் ஜப்பானின் இசுஸு கம்பெனி டிசைனில் 1.8 லிட்டர் இன்ஜின் உண்டு. கூடவே ஐந்து கியர். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து அப்படி ஓர் இன்ஜின், கியர்பாக்ஸோடு கிடைத்தது. (நீங்களும் இப்படி மாற்ற நினைத்தால் ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பார்த்துவிட்டு, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்த பிறகு ஓட்டுங்கள். பெரியப்பா அதை முதலில் முடித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடவே விட்டார்.)

ஆபரேஷன் செய்தவர் எங்கள் குடும்பம் முழுக்க 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் மெக்கானிக். பெரியப்பாவுக்கும் அவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கியதும், அது உட்கார்ந்திருந்த பள்ளம் தெரிந்தது. ஒரே துரு, கிரீஸ், பல்லி முட்டை! "திறந்ததுதான் திறந்தோம், பெயின்ட் அடிச்சிடலாமே" என்றார் பெரியப்பா. பெயின்டர் வந்தார். இரண்டு கோட்டிங் அடித்தார். குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. அதற்குள் இசுஸு இன்ஜினை இறக்கி, மவுண்டிங் வெல்டிங் செய்து, ஒயரெல்லாம் இழுத்துக் கட்டிக் கொடுத்தார் அண்ணாச்சி.

மூன்று வாரம் வண்டி தேராக ஓடியது. நாலாவது வாரம் ஒரு கல்யாண மண்டப வாசலில் பெரியப்பா சாவியைத் திருப்பினார்.

'டக்.'

அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினார். 'டக்.' பதினைந்து நிமிஷம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலேயே ஸ்டார்ட் ஆனது.

இந்த செல்ஃப் என்கிற சமாசாரத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்னால் எல்லோரும் ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள். ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம். பழைய அம்பாஸடரிலும் ஹேண்டில் உண்டு. செல்ஃப் கைவிட்டால் டிக்கியிலிருந்து எடுத்து நாலு சுற்று சுற்றலாம். பெரியப்பா காரில் புது இன்ஜின் வந்ததோடு அந்த வசதி போயிற்று. செல்ஃப் இல்லையென்றால் தள்ள வேண்டும். எழுபத்தாறு வயதில் தள்ளுவது யார்?

வண்டியை ஒருவரிடம் காட்டினார்கள். பேட்டரி என்றார். மாற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் 'டக்'. இன்னொருவர், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் மாற்றி ஆர்மேச்சரையும் புதுப்பித்தார். பத்து நாள், 'டக்'. மூன்றாமவர் சாவி போடும் ஸ்விட்சை மாற்றினார். ஐந்து நாள். பெரியப்பா வீட்டில் பழைய பாகங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சேர்ந்தன. இருபதாயிரம் ரூபாய் கிட்டத்தட்டக் காலி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் வண்டி கொஞ்ச நாள் ஓடியது. அதனால் ஒவ்வொருவரும் தான் சொன்னது சரி என்றே நம்பினார்கள். புது பேட்டரிக்குத் தெம்பு அதிகம். வழியில் எங்கோ சேதாரம் இருந்தாலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது பத்து நட்டு, போல்ட் இளகி இறுகும், ஒயர்கள் அசையும். அந்த அசைவிலேயே கோளாறு கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். நோய் குணமாகவில்லை. தூக்கத்திலிருந்து புரண்டு படுத்திருக்கிறது, அவ்வளவே.

2022 ஜனவரியில் ஒரு ராத்திரி பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு. டாக்டரிடம் போய், நெபுலைசர் வைத்து, பதினொன்றரை மணிக்கு வெளியே வந்தால் கார் 'டக்' என்றது. பனியில் பெரியம்மாவை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பக்கமாக வந்த ஆட்டோவைக் கைகாட்டி வீடு சேர்ந்தார்கள். மறுநாள் காலை அமெரிக்காவிலிருந்து மகன் போன். "அப்பா, அந்தத் தகரத்தைக் காயலான் கடையில போடுங்க."

மகன் சொன்னதைவிடப் பெரியப்பாவுக்கு வலித்தது வேறொன்று. "முப்பது வருஷம் நம்பினேன்டா. செத்த இன்ஜினைத் தலையில கட்டிட்டான்" என்றார் என்னிடம். அதே கோபத்தில் அண்ணாச்சிக்கு போன் போட்டும் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, "பொருள்ல குறை இருந்தா சொல்லுங்க சார், பார்த்துத் தாரேன். மனுஷன்ல குறை சொல்லாதீய" என்று வைத்துவிட்டாராம். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பொங்கலுக்கு வருகிற பனங்கிழங்கும் நின்றது.

தாம்பரத்தில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பெரியப்பாவோடு நானும் போனேன். அறுபது வயதுக்காரர். எல்லோருக்கும் 'பாய்'. பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"எப்பல்லாம் வருது? காலையிலயா, சாயங்காலமா? எவ்வளவு ஓடின பிறகு? 'டக்'குனு ஒரு தடவையா, 'டகடக'ன்னு அடிக்குதா? அப்ப லைட் மங்குதா?"

மற்றவர்களாக இருந்தால் முழித்திருப்பார்கள். என் பெரியப்பாவோ கருவூலக் கணக்கர் ஆயிற்றே! பெட்ரோல் போட்ட கணக்கு எழுதும் டைரியில், வண்டி மக்கர் செய்த நாளையும் எழுதிவைத்திருந்தார். அங்கேயே உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் பதினேழு தடவை. அதில் பதினைந்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி நிறுத்திய பிறகு. விடிகாலையில் ஒரு தடவைகூட இல்லை. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை.

பாய் முகத்தில் லேசாகச் சிரிப்பு. "லைட் ரொம்ப மங்கினா பேட்டரி வீக்கு, இல்ல மோட்டார் இறுக்கம்னு வெச்சுக்கலாம். மங்கவே இல்லைன்னா, கரன்ட் அங்க போய்ச் சேரவே இல்ல சார். வழியில எங்கயோ மறிக்குது."

பி.காம். படித்த எனக்கு அந்த நிமிஷம் கல்லூரி வகுப்பறை ஞாபகம் வந்தது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். 54 என்று எழுத வேண்டியதை 45 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 9. 630-ஐ 360 என்று எழுதினால் 270. அதுவும் ஒன்பதால் வகுபடும். அதாவது, வித்தியாசத்தின் குணமே தப்பு எந்த ஜாதி என்று காட்டிக்கொடுக்கும். பாய் கேட்ட கேள்விகள் அத்தனையும் அந்த ரகம்.

கிடைக்காத வித்தியாசத்தை என்ன செய்வோம் என்பது அதைவிட முக்கியம். யார் கணக்கிலாவது எழுதிப் பேரேட்டை மூடிவிட மாட்டோம். 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்று திறந்து, தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உரியவர் கணக்குக்கு மாற்றுவோம். பெரியப்பா முப்பத்தைந்து வருஷம் இந்த வேலையைத்தான் செய்தார். ஆனால், சொந்தக் கார் விஷயத்தில் வித்தியாசத்தை நேராக அண்ணாச்சி பேரில் பற்று எழுதிவிட்டார்!

"கோளாறு வரட்டும். வராம நான் ஸ்பேனரத் தொட மாட்டேன்" என்றார் பாய். மீட்டரோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பினோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு சாவியைத் திருப்பினால்... 'டக்!' அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெரியப்பா சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பாய் பானெட்டைத் திறந்தார். பெரியப்பா சாவியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, அவர் மீட்டரை இடம் மாற்றி மாற்றி வைத்தார். நான் எண்களை எழுதிக்கொண்டேன். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 12.1 வோல்ட். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டார் வரைக்கும் உள்ள தடித்த கேபிளில் சேதாரம் 0.3. மோட்டாருக்குக் கிடைத்தது வெறும் 6.4. அப்படியானால் பாக்கி? பேட்டரி மைனஸில் ஒரு முனையையும் இன்ஜின் உடம்பில் ஒரு முனையையும் வைத்தார். 5.4!

கூட்டிப் பாருங்கள். 0.3, 6.4, 5.4. மொத்தம் 12.1. பைசா சுத்தமாக டேலி!

பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரன்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பி பேட்டரிக்கு வந்தாக வேண்டும். போக ஒரு கேபிள் உண்டு. திரும்பி வருவது இன்ஜின் இரும்பு வழியாகவும் கார் பாடி வழியாகவும். ஆனால், இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் சேர்க்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்று போடுவார்கள். எர்த் ஸ்ட்ராப் என்று பெயர். அந்த வண்டியில் ஸ்ட்ராப் புதுசாக, பளபளவென்று இருந்தது. போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால், எதன் மேல்? கண்ணாடி மாதிரி அடித்த அந்த இரண்டு கோட்டிங் பெயின்ட் மேல்!

பெயின்ட்டிலும் கரன்ட் போகாது. போல்ட்டின் மரை பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டு இறங்கிய ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு தொடர்பு. அந்த இடத்தில் ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும். 5 ஆம்பியர் போனால் கால் வோல்ட்தான் இழப்பு, யாருக்கும் தெரியாது. 100 ஆம்பியர் போக முயன்றால் 5 வோல்ட் அங்கேயே காலி. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிற ராட்சசன். லைட்டும் ஹாரனும் பாடியிலிருந்து நேராக பேட்டரிக்குப் போய்விடுவதால் அவற்றுக்கு இந்த முடிச்சே குறுக்கிடாது. 'லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அப்ப ஒயரிங் சரி' என்று மூன்று பேர் ஏமாந்தது அதனால்தான். ஒருவர் மீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார். அந்த 'பீப்' இத்தனை சின்னத் தடையைக் கண்டுகொள்ளாது.

சரி, காலையில் மட்டும் எப்படி எடுத்தது? சூடானால் செம்பின் தடை ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவிகிதம், 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு சுருளும் இன்ஜின் சூட்டில் அப்படித்தான் சோர்ந்துபோகும். அந்த நூல் தொடர்பும் சூட்டிலும் அதிர்விலும் விலகும். காலையில் தட்டுத்தடுமாறிப் போதுமானதாக இருந்தது, சூட்டில் போதாமல் போயிற்று. ஆறினதும் மறுபடி ஸ்டார்ட்.

பாய் இன்னொன்றும் காட்டினார். நாலைந்து தடவை சாவியைத் திருப்பிய பிறகு ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொடச் சொன்னார். இளஞ்சூடு! நேர்வழி அடைத்ததும், அந்த மெல்லிய கேபிள் வழியாகக் கரன்ட் வீட்டுக்குத் திரும்பப் பார்த்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் அந்தக் கேபிள் உருகி, ஓடுகிற வண்டியில் ஆக்ஸிலரேட்டர் சிக்கியிருக்கும். நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் கடித்துவிட்டார். "இப்ப திருப்புங்க சார்." உறுமிக்கொண்டு எடுத்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் ஸ்ட்ராப்பை மாட்டி, ஈரம் சேராமல் மேலே வாஸலின் தடவினார். மறுபடி அளந்தால் 5.4 இருந்த இடத்தில் 0.2. உப்புத்தாள் பத்து ரூபாய். பாய் வாங்கிக்கொண்டது ஐந்நூறு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தப்பு யார் பேரில்? இன்ஜின் நல்ல இன்ஜின். பெயின்டர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார். அண்ணாச்சி ஸ்ட்ராப்பை மறக்கவில்லை; போல்ட்டை இறுக்கியும் இருந்தார். ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அது யாருக்கும் சொந்தமில்லை. பெரிய மாற்றத்துக்குப் பிறகு வருகிற கோளாறு பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். பழசில் இல்லை, புதுசிலும் இல்லை. இரண்டும் சேர்கிற போல்ட்டில். ஆபீஸில் ஃபைல் காணாமல் போவதும் ஒரு மேஜைக்குள் இல்லை, இரண்டு மேஜைக்கு நடுவில்தான். புது மருமகள் வந்த வீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை!

உங்கள் வண்டியோ, வீட்டு மோட்டாரோ, விட்டு விட்டுத் தகராறு செய்தால் இவ்வளவு செய்யுங்கள். கடையில் பணத்தை எண்ணுவதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கோளாறு இருக்கிற நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக ஓடும்போது அளந்து பிரயோஜனமில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பாகத்தை மாற்ற விடாதீர்கள். எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும். 'மாத்தின பிறகு ஓடுது' என்பதை உடனே நம்பாதீர்கள். ஒரு மாதம் ஓடட்டும். கடைசியாக எங்கே கை வைத்தார்கள் என்று கேட்டு, அந்த இணைப்பை முதலில் பாருங்கள்.

கண்டுபிடிக்கிற வரைக்கும் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போட்டு வையுங்கள். பேட்டரி தப்பாக மாற்றினால் காசோடு போகும். மனுஷன் பேரில் எழுதிவிட்ட பற்றை அழிப்பது லேசில்லை.

பெரியப்பாவுக்கு அது நாலு நாள் ஆயிற்று. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார் என்று பெரியம்மா சொன்னார். ஐந்தாம் நாள் 'ஆயில் மாத்தணும்' என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வண்டியை அண்ணாச்சி பட்டறைக்கே ஓட்டிப்போனார். அண்ணாச்சி பானெட்டைத் திறந்ததும் தேய்த்த இடம் கண்ணில் பட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாராம். "சுரண்டிட்டு மாட்டியிருக்கணும் சார்" என்றிருக்கிறார்.

"பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்தானே" என்றிருக்கிறார் பெரியப்பா.

அடுத்த பொங்கலுக்குப் பனங்கிழங்கு வந்துவிட்டது. எனக்கும் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்கள்.